விளையாடும்போது அணையும் கணினி: குறிப்பேட்டைத் திறந்து வையுங்கள்

பழைய மேசைக் கணினி ஒன்று. கடிதம் தட்டச்சு செய்யும்போதும் பாட்டுக் கேட்கும்போதும் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. விளையாட்டைத் திறந்து கால் மணி நேரம் ஆனதும் பட்டென்று அணைந்துவிடுகிறது. தோட்டத்து வீடுகளில் இப்படி நடந்தால் முதலில் திட்டு வாங்குவது பையன்தான். “கேம் விளையாடி விளையாடியே கெடுத்துட்டான்” என்று தீர்ப்பு எழுதியாகிவிடும். அடுத்த சனிக்கிழமை கணினி மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி சிரம்பானுக்கோ பகாவுக்கோ போகும். கடையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தருவார்கள். அதற்கு ஐம்பது, அறுபது ரிங்கிட். அக்காளின் திருமணப் படங்களும் பள்ளி இடுபணிகளும் அதோடு போய்விடும். இரண்டு வாரம் கழித்து, விளையாட்டைத் திறந்த கால் மணி நேரத்தில், கணினி மறுபடியும் அணையும்.

விளையாட்டு கணினிக்கு நோயைக் கொடுப்பதில்லை என்பது என் கருத்து. ஏற்கெனவே உள்ளே இருக்கும் நோயை அது வெளியே கொண்டுவருகிறது. இதய நோயாளியை மருத்துவர் ஓடும் பட்டையில் நடக்கவிட்டுச் சோதிக்கிறார் அல்லவா? நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது தெரியாத குறை, நடக்கவிட்டால் தெரிகிறது. கணினிக்கு அந்தப் பட்டைதான் விளையாட்டு. கடிதம் தட்டும்போது 50, 60 வாட் மின்சாரத்தில் ஓடும் கணினி, ஓரளவு நல்ல கிராபிக்ஸ் அட்டை இருந்தால், விளையாட்டின்போது 200 வாட்டைத் தாண்டும். எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். பழைய 100 வாட் குண்டு பல்பு இரண்டை ஒரு தகரப் பெட்டிக்குள் எரியவிட்டு மூடி வைத்தது போல.

பழைய கணினிக்கு மட்டும் இது பொருந்தும் என்று எண்ண வேண்டாம். 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினி பிராசஸர்களில் உயர் ரகங்கள் சில, விளையாட்டுகளின்போது சரிந்துகொண்டிருந்தன. திரையில் வந்த செய்தி கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்றது. விளையாடியவர்கள் கிராபிக்ஸ் அட்டையைக் குறை சொன்னார்கள். விளையாட்டைத் தயாரித்தவர்களையும் திட்டினார்கள். உண்மையில் குற்றம் பிராசஸரில். விளையாட்டு தொடங்கும்போது சுருக்கி வைத்த தரவுகளை விரிக்கும் வேலை பிராசஸருக்கு வரும். அதில் ஒரு பிட் தவறினாலும் மீதி எல்லாம் குப்பையாகிவிடும். கடிதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் தவறு அங்கே தப்ப முடியாது. பிராசஸர் தனக்குத் தேவையானதைவிட அதிக மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கி, முன்கூட்டியே முதுமை அடைந்திருந்தது என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது; உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டினார்கள். ஏற்கெனவே தேய்ந்துபோனவற்றைத் திருத்தம் காப்பாற்றவில்லை. உலகத்திலேயே விலை உயர்ந்த கணினிகளை வைத்திருந்தவர்களும் மாதக்கணக்கில் தவறான இடத்தில் தேடினார்கள் என்றால், நம் பையனை மட்டும் ஏன் திட்ட வேண்டும்?

சரி, எங்கே தேடுவது? திருப்புளியை எடுப்பதற்கு முன் ஒரு குறிப்பேட்டை எடுக்கச் சொல்வேன். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஊசற்குண்டு ஆடியதோடு அந்தப் பாடம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அதைப் பயன்படுத்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது. விளையாட்டைத் தொடங்கிய நேரம், அணைந்த நேரம், அணைந்த விதம், அறை எப்படி இருந்தது, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடியது, இவ்வளவையும் ஒரு வாரம் எழுதினால் போதும்.

அந்தப் பட்டியல் பேச ஆரம்பிக்கும். காலையில் முதல் முறை இருபது நிமிடம் ஓடி அணைகிறது, உடனே மறுபடி திறந்தால் ஐந்து நிமிடத்தில் அணைகிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் இருபது நிமிடம் தாங்குகிறது என்றால், அது வெப்பம். வேறு எதுவும் இவ்வளவு ஒழுங்காகக் கடிகாரம் பார்த்து வராது. நேரக் கணக்கே இல்லாமல், சில நாள் இரண்டு மணி நேரம் தாங்கி, சில நாள் காட்சி மாறிய மறு நொடியே அணைந்தால் மின்சாரப் பக்கம் பாருங்கள். எப்போதும் ஒரே விளையாட்டின் ஒரே கட்டத்தில் விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு, கணினி உயிரோடு இருந்தால் பெரும்பாலும் மென்பொருள்தான். அந்த விளையாட்டை அழித்து மறுபடி ஏற்றினாலோ கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தாலோ சரியாகலாம். நீலத் திரை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு காரணம் சொன்னால் ரேம் மீது எனக்குச் சந்தேகம் வரும். மெம்டெஸ்ட் என்ற இலவசச் சோதனையை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்க்கலாம். ரேம் அட்டைகளைக் கழற்றி, தொடுமுனைகளைச் சுத்தமான அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துகளைத் துடைத்து மாட்டினாலே சரியான கணினிகளும் உண்டு.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்று சிவப்பில் ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்து மின்சாரக் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதற்கு மேல் அந்த வரி எதுவும் சொல்வதில்லை.

இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம். விளையாட்டின் அமைப்புகளில் நொடிக்கு 60 படங்கள் என்பதை 30ஆகக் குறையுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். அணைவது நின்றால், சுமை ஏறும்போதுதான் தொல்லை என்பது உறுதி. புதிய பாகம் வாங்கக் காசு சேரும்வரை அந்த 30இலேயே விளையாடிக்கொண்டும் இருக்கலாம்.

வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இதுதான் பெரும்பாலும் முதல் குற்றவாளி. செம்மண் பாதையில் லாரி போகும்போது எழும் புழுதி, சாமி மேடையிலிருந்து வரும் சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, சமையலறை எண்ணெய் ஆவி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பிராசஸரின் மேலிருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் கம்பளி போலப் படிந்துவிடும். நான் திறந்து பார்த்த பெட்டிகளில் பல்லி முட்டை ஓடும் எறும்புக் கூடும் இருந்திருக்கின்றன. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். காற்று போக வழி இருக்காது. இதற்கு மேல், பிராசஸருக்கும் தகடுக்கும் நடுவே தடவிய வெப்பப் பசை பத்து ஆண்டுகளில் காய்ந்து பொடியாகியிருக்கும். அந்த மெல்லிய இடைவெளியில் காற்று புகுந்துவிட்டால் வெப்பம் மேலே ஏறாது. காற்று எவ்வளவு மோசமான வெப்பக் கடத்தி என்பது பள்ளியிலேயே தெரிந்த விஷயம்.

பெரும்பாலான இன்டெல் பிராசஸர்களின் எல்லை 100 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அதை நெருங்கும்போது பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு திக்கித் திணறும். அப்போதும் சூடு ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும். பையன் உடைத்துவிட்டான் என்று நாம் நினைக்கும் அந்த நொடியில் கணினி தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஹெச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருள் ஒன்றை ஓடவிட்டு விளையாடினால், இந்த ஏற்றத்தை நிமிடத்துக்கு நிமிடம் எழுதி வரைபடமே போடலாம்.

கடைக்குக் கொண்டுபோனால் கணினி அணையாமல் ஓடுவதும், “ஒன்றும் இல்லையே அண்ணே, நல்லாத்தான் இருக்கு” என்று திருப்பித் தருவதும் பலருக்கு நடந்திருக்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கடை குளிரூட்டப்பட்ட 24 டிகிரி. நம் வீடு தகரக் கூரையின் கீழ், பிற்பகல் மூன்று மணிக்கு 35 டிகிரி. விசிறியும் தகடும் பிராசஸரை அறையைவிடக் குளிராக்க முடியாது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதைத்தான் அவை தீர்மானிக்கின்றன. அழுக்கடைந்த தகடு 62 டிகிரி ஏறவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் 86. வீட்டில் 97. அதோடு கணினியை மேசைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள், முதுகு சுவரில் ஒட்ட வைத்திருந்தால், அது தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைத்து விளையாடிப் பாருங்கள். கூடுதல் நேரம் தாங்கினால் நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பிறகு செய்ய வேண்டியது எளிது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோய், விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, சாயத் தூரிகையால் சுத்தம் செய்து, பழைய பசையைத் துடைத்துப் புதுப் பசை ஒரு சிறு துளி. செலவு இருபது ரிங்கிட்டுக்குள்.

மின்சாரக் கதை இதைவிடச் சிக்கலானது. தோட்ட ஜெனரேட்டர் இரவில் நின்றுபோகும் காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இப்போது நாள் முழுக்க மின்சாரம் இருக்கிறது; ஆனால் பிரதான சாலையிலிருந்து நெடுந்தூரம் இழுத்து வந்த கம்பியின் கடைசி முனையில் லயத்து வீடுகள். மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் சோற்றுப்பானையும் இஸ்திரிப்பெட்டியும் ஒரே நேரத்தில் ஏறும்போது விளக்கு ஒரு கணம் மங்கும். நம் நாட்டில் 2008 முதல் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. மேலே 10 விழுக்காடும் கீழே 6 விழுக்காடும் போகலாம். அதாவது 253 முதல் 216 வரை. இந்த ஏற்ற இறக்கத்தைப் பவர் சப்ளை பெட்டி சமாளித்துவிடும். அதன் வேலையே அது.

விளக்கு கண் சிமிட்டும் அந்தக் கணத்தை எப்படிச் சமாளிக்கிறது? உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கி, அதாவது கெப்பாசிட்டர், ஒரு சிறு தண்ணீர்த் தொட்டி போல மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. நல்ல பவர் சப்ளை சுமார் 16 மில்லி செகண்டு தாங்க வேண்டும் என்பது விதி. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒரு சுழற்சிக்கு 20 மில்லி செகண்டு. ஏறத்தாழ ஒரு சுழற்சி விடுபட்டாலும் கணினிக்குத் தெரியாமல் போக வேண்டும். பெட்டி பழசானால் தொட்டி சுருங்கிவிடும். அப்போதும் கடிதம் தட்டும்போது குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. சிறிய தொட்டியே போதும். விளையாட்டின்போது குழாய் முழுக்கத் திறந்திருக்கிறது. அதே விளக்குச் சிமிட்டலில் இப்போது தொட்டி காலி. குறிப்பேட்டில் ‘இரவு 7.10, அம்மா சோறு வைத்தார்’ என்று எழுதி வைத்த பிள்ளைதான் இதைக் கண்டுபிடிக்கும். கடையில் இருக்கும் எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது.

மின்தேக்கிகளின் முதுமைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஒவ்வொரு 10 டிகிரி வெப்பக் குறைவுக்கும் ஆயுள் இரட்டிப்பாகும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் உழைக்கும் என்று அச்சிட்ட மின்தேக்கி, 75 டிகிரியில் 16,000 மணி நேரம் உழைக்கும். தூசியைத் துடைப்பது பிராசஸரை மட்டுமல்ல, இதையும் காப்பாற்றுகிறது. மின்தேக்கி மோசமாக இருந்தால் என்ன ஆகும் என்பதை 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகமே பார்த்தது. பல நிறுவனங்களின் தாய்ப்பலகைகளில் மின்தேக்கிகள் உப்பி, வெடித்து, திரவம் கசிந்தது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் நிறுவனம் அனுப்பிய ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் இந்த அபாயத்தில் இருந்தன என்பது 2010இல் வெளியான நீதிமன்ற ஆவணங்களில் தெரிந்தது. அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிதான் இரண்டாம் கையாக நம் வீடுகளுக்கு வருகிறது. அதனால் பழையதை வாங்கும்போது பக்கத்து மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிராசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் வாங்காதீர்கள்.

அந்த உருளைகள் ஏன் பிராசஸரைச் சுற்றியே நிற்கின்றன? பவர் சப்ளை 12 வோல்ட் தருகிறது. பிராசஸருக்கு வேண்டியதோ சுமார் 1.2 வோல்ட். 95 வாட் பிராசஸர் அந்த அழுத்தத்தில் 79 ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கிறது. தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் 2000 வாட் மின்கெட்டில் 9 ஆம்பியருக்கும் குறைவாகத்தான் எடுக்கிறது. நம் கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சில்லுக்குள் கெட்டிலைப் போல் எட்டு மடங்குக்கு மேல் மின்னோட்டம்! பழைய மின்தேக்கிகளும் அவற்றுக்கு அருகிலுள்ள மின்மாற்றுச் சில்லுகளும் அதை விளையாட்டின்போது கூடியும் குறைத்தும் நொடிக்குப் பல முறை பரிமாற வேண்டும். தளர்ந்துபோனவை தடுமாறத்தான் செய்யும்.

படிவம் ஐந்து இயற்பியல் மாணவனிடம் பல்மானியைக் கொடுத்தால் 12 வோல்ட் மஞ்சள் கம்பியை அளந்துவிடுவான். ஆசிரியரோ பெரியவரோ பக்கத்தில் இருக்க, விளையாட்டு ஓடும்போது, உபரி இணைப்பானில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே பார்க்க வேண்டும். 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருந்தால் சரி. சுமை ஏறும்போது 11.4க்குக் கீழே இறங்கினால் பவர் சப்ளையை மாற்றும் நேரம். மீட்டர் சரி என்று காட்டினாலும் பெட்டி குற்றமற்றது என்று ஆகிவிடாது. மில்லி செகண்டில் விழுந்து எழும் வீழ்ச்சியை மீட்டர் பிடிக்காது. நண்பன் வீட்டு நல்ல பவர் சப்ளையை ஒரு மாலை கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் உறுதியான வழி. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே: கட்டுப்படுத்தப்பட்ட மாறி.

பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தின் உச்சம் சுமார் 325 வோல்ட். உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கி அந்த அளவுக்கு நிரம்பியிருக்கும். கம்பியைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அந்த மின்னூட்டம் இருக்கும். ஆளைக் கொல்லப் போதும். அந்தப் பெட்டி கெட்டால் முழுதாக மாற்ற வேண்டும், பழுது பார்க்கக் கூடாது.

இதை எல்லாம் வீட்டில் செய்ய முடியுமா, இதற்குப் படித்தவர்கள் வேண்டாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் பினாங்கில் திறந்தது. மோட்டோரோலாவிடமிருந்து 1999இல் பிரிந்த ஆன்செமி நிறுவனத்துக்கு நம் சிரம்பானிலேயே தொழிற்சாலை இருக்கிறது. மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சில்லுகள் அந்த நிறுவனத்தின் முக்கியத் தயாரிப்பு. துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டையில் ஒரு காலத்தில் சாம்சுங் திரைக் குழாய்கள் செய்தது. விடியற்காலையில் தோட்டத்து வாசலில் நின்று தொழிற்சாலை பேருந்தில் ஏறிய அக்காமார்கள் எத்தனை பேர்! அவர்கள் கையால் நுண்ணோக்கியில் பார்த்துச் சோதித்து அனுப்பிய சில்லு போன்ற ஒன்றுதான் வீட்டுக் கணினியில் இருக்கிறது. அதை வீட்டில் திறந்து பார்க்க மட்டும் நமக்குப் பயம்.

பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. அறிவியல் கழகத்தில் எரிமலை மாதிரி செய்து சோடா உப்பும் புளிக்காடியும் ஊற்றியது போதும் என்பது என் அபிப்பிராயம். மாணவர் வீட்டில் செத்துக் கிடக்கும் ஒரு கணினியை மேசையில் வைத்து, அது ஏன் அணைகிறது என்று ஐந்து வாரம் தேடச் சொல்லலாம். விடை பாடநூலில் இல்லாத கேள்வி அவர்களுக்கு அப்போதுதான் கிடைக்கும். இதற்குக் காலமும் இதுதான். 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்திய கணினிகள் அனேகமாக எல்லாமே விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வமாகத் தகுதி பெறுவதில்லை. அலுவலகங்கள் அவற்றைக் கழித்துக்கொண்டிருக்கின்றன. அவை இரண்டாம் கை விலைக்குத் தோட்டங்களுக்கு வரும். லினக்ஸ் ஏற்றினால் பள்ளி வேலைக்கு இன்னும் பல ஆண்டு உழைக்கும். விளையாட்டில் அணையவும் செய்யும்.

கடைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குறிப்பேட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். “இருபது நிமிடத்தில் அணைகிறது, மூடியைத் திறந்து விசிறி வைத்தால் நாற்பது நிமிடம் தாங்குகிறது, பிராசஸர் 97 டிகிரி காட்டியது” என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை சொன்னால், எந்தக் கடைக்காரரும் ‘ஃபார்மட்’ என்ற சொல்லை எடுக்க யோசிப்பார். எதை அழிப்பதற்கு முன்பும் படங்களையும் பாடங்களையும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பலகையை மாற்றினால் கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கி வாருங்கள். உப்பிய மின்தேக்கி எப்படி இருக்கும் என்று காட்ட எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அது வேண்டும்.